இல்லாத மூன்றரைக் கட்டை

என் தங்கைக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தபோது நான் ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் பதிவு செய்கிற அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவள் நான். இந்த மூன்றில் முதலாவது மட்டும்தான் என் பெயரில் பதிவாகியிருக்கிறது. மூன்றாவதற்கு நான் விண்ணப்பிக்கவில்லை, இரண்டாவதற்கு அவசரமில்லை. விதிமுறை தெரியாமல் வந்து நிற்பவர்களை வேலைக்காலம் முழுவதும் பார்த்ததில், எதையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் தொடுவது என்ற கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. மிக்சி வாங்கினால்கூட அதன் கையேட்டைப் படிப்பேன். அதில் பிரெஞ்சுப் பகுதி இருந்தால் அதையும் படித்து, இங்கிலீஷ் பகுதியில் என்னென்ன விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

தங்கை எதையும் படிக்க மாட்டாள். பாடுவாள். கணவர் இறந்த பிறகு என்னோடு வந்து தங்கிவிட்டாள். அவளுடைய ஒரே மகன் பிரான்சுக்கு வேலைக்குப் போகும்போது தன் கம்ப்யூட்டர், மைக், ஹெட்போன், பாட்டுப் பதிவு செய்கிற மென்பொருள் எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். எடுத்துக்கொண்டு போக முடியாத சாமான்களில் நாங்கள் இருவரும் அடக்கம்.

எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவில் தனிப்பாட்டு என்றால் அது தங்கைதான். கல்யாணமான புதிதிலிருந்து அப்படித்தான். மேல்தளத்தில் ஆர்மோனியத்துக்கு வலது பக்கம் அவளுடைய இடம். அங்கே வேறு யாரும் நிற்பதில்லை. இந்த ஊரில் என் கையெழுத்து இல்லாமல் எத்தனையோ பேர் பிறந்ததாகவே கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பூசை முடிந்து வெளியே வரும்போது நான் ‘பாடறவங்களோட அக்கா’தான்.

அந்த வருடம் மாதா திருநாளுக்கு ஒரு சீடி வெளியிடுவது என்று கோவிலில் முடிவு செய்தார்கள். பாட்டுகளை எழுதி மெட்டுப் போட்டவர் குழுவை நடத்துகிற மாஸ்டர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ரொம்ப சாது. யாராவது தப்பாகப் பாடினால் அவர் மன்னிப்புக் கேட்பார். ஸ்டுடியோவுக்கெல்லாம் போக வேண்டாம், எங்கள் வீட்டிலேயே பதிவு செய்யலாம் என்று தங்கைதான் சொன்னாள். கம்ப்யூட்டரை யார் இயக்குவது என்று மாஸ்டர் கேட்டார். அக்கா எல்லாத்தையும் படிச்சு வெச்சிருக்கா என்று என்னைக் காட்டினாள்.

படித்துத்தான் வைத்திருந்தேன். அந்த மென்பொருள் ஒரு பாட்டைப் ‘புராஜெக்ட்’ என்று அழைத்தது. அரசாங்கத்தில் புராஜெக்ட் என்றால் முடியாத வேலை என்று அர்த்தம். அதனால் மரியாதையோடுதான் அணுகினேன். கீபோர்டு, தாளம், வயலின், பாடுகிறவர் குரல் என்று ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு வரிசை உண்டு. எதை வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம், ஊமையாக்கலாம். செய்ததைச் செய்யாததாக ஆக்க ஒரு பொத்தான் இருந்தது. அந்த வசதி எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் ஊரில் பாதிக் கல்யாணங்கள் பிழைத்திருக்காது.

சீடியில் ஒரே ஒரு தனிப்பாட்டு. ஒரு பல்லவி, மூன்று சரணம். மாஸ்டர் கீபோர்டு வாசித்து, தாளம் வயலின் எல்லாம் சேர்த்து, முழுப் பாட்டுக்கும் வாத்தியம் தயாராகிவிட்டது. தங்கை பல்லவியையும் முதல் சரணத்தையும் பாடி முடித்திருந்தாள். அப்போதுதான் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. வந்து மீதியைப் பாடிக்கலாம் என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. குரல்வளை நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் குரலில் மாற்றம் வரலாம், சிலருக்குச் சில மாதத்தில் சரியாகும், சிலருக்கு ஆகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பேச்சுக் குரல் திரும்பி வந்தது. கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். பாட்டில் மேல் சுரங்கள் வரவில்லை. தினமும் ஆவி பிடித்தாள், டாக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்தாள்.

“ஏணி இருக்கு, மேல் படி ரெண்டைக் காணோம்” என்றாள் ஒருநாள்.

காத்திருந்து பார்க்கலாமே, அவசரம் என்ன என்று கேட்டேன். திருநாள் தேதியை மாதாவே மாற்ற முடியாது என்றாள். பிறகு, மீன் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “இந்தப் பாட்டை விட்டுட்டா அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டாங்க அக்கா. மரியாதையா ஒரு நாற்காலி போட்டு உக்கார வெச்சுடுவாங்க.”

நாற்காலியில் உட்கார்ந்தே சம்பளம் வாங்கிய எனக்கு அதில் என்ன அவமானம் என்று முதலில் புரியவில்லை.

வழி சொன்னவர் மாஸ்டர்தான். வீட்டுக்கு வந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு, சுருதியை இறக்கிப் பாடினால் போயிற்று என்றார். நம் பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு என்று போகும். நடுவே வருகிற கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை என்று பெயர். தங்கை எப்போதும் ஐந்து கட்டை. மூன்று கட்டைக்கு இறக்கிவிடலாம், ஆனால் அதற்குக் கீழே முடியாது என்றார் மாஸ்டர். பல்லவியைத் திருப்பிப் பாடுகிற கோரஸ் பெண்களுக்கு அதற்குக் கீழே குரல் இல்லை, உறுமல்தான் வரும். மூணு போதும் மாஸ்டர், தாராளமா வரும் என்று தங்கை உடனே சொன்னாள். வாத்தியம் எல்லாவற்றையும் மறுபடி வாசிக்க வேண்டுமா என்று அவர் கவலைப்பட்டார். வேண்டாம், ஒரு பெட்டியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பயம் தெரிந்தது.

மறுநாள் மதியம் உட்கார்ந்தோம். மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்று அதை நிறுத்தி, ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, புதுச்சேரி வெயிலில் இரண்டு கிழவிகள் வெந்துகொண்டிருந்தோம். புராஜெக்ட்டின் சுருதியை மாற்றுகிற பெட்டியைத் திறந்தேன். அது கட்டைக் கணக்கு கேட்கவில்லை. ஆர்மோனியத்தில் வெள்ளை கறுப்பு பாராமல் அடுத்தடுத்த கட்டைக்கு ஒரு படி என்று வைத்து, எத்தனை படி ஏற்ற வேண்டும் அல்லது இறக்க வேண்டும் என்று கேட்டது.

எத்தனை என்று தங்கையைக் கேட்டேன்.

“நாலு போடு” என்றாள்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. அரைக் கட்டைக்கு ஒரு படி, ஐந்திலிருந்து மூன்றுக்கு இரண்டு கட்டை, அப்படியானால் நாலு. நாலு போட்டு இறக்கினேன். ஐந்து கட்டையைக் குறிக்கிற இங்கிலீஷ் எழுத்து மறைந்து வேறு எழுத்து வந்தது. இசையில் அந்த எழுத்துகள் எனக்கு இன்னொரு இலாகாவின் கோப்பு எண்கள் மாதிரி. வந்ததைக் குறித்துக்கொண்டேன், என்னவென்று கேட்கவில்லை.

ஓடவிட்டேன். கீபோர்டு இறங்கியிருந்தது. வயலின் இறங்கியிருந்தது. மென்பொருளே கொடுத்த இசைத் துணுக்குகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தன. பிறகு தங்கையின் பழைய குரல் நுழைந்தது. அது இறங்கவில்லை. மைக்கில் பாடிப் பதிந்த குரலைப் புராஜெக்ட்டின் சுருதி மாற்றம் தொடாது என்று கையேட்டில் படித்திருந்தேன். படித்தது வேறு, கேட்பது வேறு. கீழே எல்லா வாத்தியமும் ஒரு பாட்டை வாசிக்க, மேலே அவள் தனியாக, அதே ஐந்து கட்டையில், ஒன்றும் தெரியாதவளாக, எவ்வளவோ நிம்மதியாகப் பாடிக்கொண்டிருந்தாள். கேட்கச் சகிக்கவில்லை.

தங்கை சிரித்தாள். “எல்லாரும் பஸ்ஸ விட்டு இறங்கிட்டாங்க, நான் மட்டும் உக்காந்திருக்கேன் பாரு” என்றாள்.

குரலைத் தனியாக இறக்கவும் ஒரு வழி இருந்தது. அதையும் செய்தேன். சுருதி சேர்ந்தது, ஆனால் வந்த குரல் ஓர் ஆணுடையது. நல்ல, கனமான, கொஞ்சம் மூக்கடைத்த ஆண். தங்கை ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, நம்ம பெரியப்பா ஜலதோஷத்தோட பாடற மாதிரி இருக்கு என்றாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம். அவள் எனக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். செய்ததைச் செய்யாததாக்கும் பொத்தானை அழுத்தினேன். பழைய குரல் வரிசையை ஊமையாக்கிவிட்டு, புது வரிசை ஒன்று திறந்து கொடுத்தேன்.

அந்த வாரத்தில் மூன்று சரணத்தையும் பாடினாள். வந்தது. சுலபமாகவே வந்தது. கரகரப்பு இருந்தது, அதுவும் அந்தப் பாட்டுக்குப் பொருத்தமாகத்தான் எனக்குப் பட்டது. கஷ்டப்பட்டவர்கள் பாடினால் மாதா இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்பாள் என்று நான் நினைத்திருக்கலாம். மாஸ்டர் வந்து ஹெட்போனில் கேட்டுவிட்டு, மூணுல இவ்வளவு தாராளமா வருதே, அப்புறம் என்னம்மா கவலை என்றார். தங்கை அவருக்கு இரண்டாவது முறை காபி கொடுத்தாள். அன்று சாயங்காலம் மீன் வாங்கத் தேங்காய்த்திட்டு வரைக்கும் போவோம் என்றாள். தெருவில் வரும் மீன்காரம்மாவே போதும் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவள். துறைமுகத்தில் ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியிடம் வஞ்சிரம் பேரம் பேசி, தோற்று, சந்தோஷமாகக் காசைக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோரஸ் ஒத்திகை. அதற்கு முன்பு, செய்கிற வேலையில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கையேட்டின் பின்னிணைப்பைப் புரட்டினேன். இசை தெரியாதவர்களுக்காக அதில் கீபோர்டின் படம் ஒன்று போட்டு, ஒவ்வொரு கட்டைமேலும் எழுத்தை அச்சடித்திருந்தார்கள். மாஸ்டரின் ஐந்து கட்டை எது, மூன்று கட்டை எது என்று பென்சிலால் எண் போட்டேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் கறுப்பு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கறுப்பு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. இரண்டு வெள்ளைக் கட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. மூன்றரைக் கட்டை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ஐந்திலிருந்து மூன்றுக்கு மூன்றே படி. நாலு இறங்கினால் இரண்டரை.

என்னைப் போன்ற ஆள் செய்யக்கூடிய தப்பு அது. வகுத்து, பெருக்கி, விதிப்படி தப்பாகப் போகிறவர்கள் நாங்கள். ஆர்மோனியத்தின் பக்கத்திலேயே நின்று தலை நரைத்த என் தங்கை செய்யக்கூடிய தப்பு இல்லை.

அவள் சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று, மூணரைக் கட்டைன்னு ஒண்ணு இருக்கா என்று கேட்டேன்.

கை நின்றது. “இல்ல” என்றாள்.

“அப்ப நாலுன்னு எதுக்குச் சொன்ன?”

“கண்டுபிடிக்க உனக்கு இத்தனை நாளா? பெரிய ஆபீசருன்னு பேரு” என்றாள். புளிச் சக்கையைப் பிழிந்து ஓரமாக வைத்தாள். “மூணுல வரல அக்கா. மாஸ்டர் சொன்ன அன்னிக்கே குளிக்கிற ரூம்ல பாடிப் பாத்துட்டேன். ரெண்டரையில வருது.”

ஒத்திகையில் ஆர்மோனியம் இருக்குமே, தெரிந்துவிடாதா என்றேன்.

“அதுக்குள்ள தொண்டை அரைக் கட்டை ஏறிடும்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா சரியாகுதுன்னுதானே டாக்டர் சொன்னாரு. அரைக் கட்டைதானே அக்கா.”

பொய்யான தகவலோடு வருகிற மனுவைத் திருப்பி அனுப்புவதுதான் நான் அறிந்த விதி. எத்தனையோ பேரின் அழுகையைப் பார்த்துக்கொண்டே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாஸ்டருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. ரசம் கொதித்ததும் இறக்கி வைத்தேன். ஏறியிருக்கா என்று மட்டும் கேட்டேன். ஞாயித்துக்கிழமை பாக்கலாம் என்றாள்.

கோவிலுக்குப் பக்கத்துக் கூடத்தில் ஒத்திகை. கோரஸில் ஏழெட்டுப் பெண்கள். கடைசியில் நின்றவள் குழுவுக்குப் புதிது. மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவரின் மகள், கதிர்காமத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை, உழவர்கரையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். என் தங்கையைப் பார்த்தால் வாயைத் திறக்காமல் சிரிப்பாள். மாஸ்டர் ஆர்மோனியத்தின் துருத்தியை இழுத்து மூன்று கட்டையைப் பிடித்தார். அந்த ஒலி வந்த உடனே தங்கை என்னைப் பார்த்தாள். நான் கதவோரம் ஒரு நாற்காலியில் இருந்தேன்.

பல்லவி வந்தது. முதல் சரணம் பாதி வரைக்கும் வந்தது. வரி மேலே ஏறுகிற இடத்தில் குரல் நின்றுவிட்டது. உடைந்தது என்று சொல்ல முடியாது. உடைந்தால் சத்தமாவது வரும். வாய் திறந்திருந்தது, காற்று வந்தது. மாஸ்டர் தன் விரல்தான் தவறிவிட்டது என்பது போல ஆர்மோனியத்தைக் குனிந்து பார்த்தார். மறுபடி எடுங்கம்மா, நான் சரியா பிடிக்கல என்றார். மறுபடியும் அதே இடத்தில் அதே காற்று.

அவர் அரைக் கட்டை இறக்கி, இரண்டரையைப் பிடித்தார். அவள் பாடினாள், முழுதும் பாடினாள். கோரஸின் முறை வந்தபோது பெண்கள் கீழே எட்டிப் பார்த்து, எட்டாமல், உறுமினார்கள். ஒருத்தி, அடுத்த வாரம் எங்க வீட்டு ஆம்பளைங்கள அனுப்பிடறோம் மாஸ்டர் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளிடம் கெட்ட எண்ணம் இல்லை. தங்கையும் சிரித்தாள். சிரித்து முடித்து, புடவைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, மாஸ்டரிடம் சொன்னாள்:

“அஞ்சுக்கே போயிடுங்க மாஸ்டர். அந்தப் பொண்ணு பாடட்டும்.”

எந்தப் பொண்ணு என்று அவர் கேட்டார். கடைசியில் நிற்கிறவளைக் காட்டினாள். அந்தப் பெண் பின்னால் யாரோ இருப்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, தங்கை படுக்கப் போனாள். நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். சுருதியைப் பழையபடி வைக்க வேண்டிய வேலை இருந்தது. நாலு படி ஏற்றினேன். ஐந்து கட்டையின் எழுத்து திரும்பி வந்தது. புதிதாகப் பாடிய வரிசையை நிறுத்தி வைத்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பழைய குரலின் ஊமையை நீக்கி ஓடவிட்டேன்.

கீபோர்டு ஏறி வந்தது, வயலின் ஏறி வந்தது. பல்லவி தொடங்கும் இடத்தில் அவள் குரல் நுழைந்து, எல்லாவற்றோடும் ஓர் இழை பிசகாமல் சேர்ந்தது. அது எங்கும் போகவில்லை. நாங்கள் இறங்கிச் சுற்றி அலைந்துவிட்டுத் திரும்பி வருகிற வரைக்கும் வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது. இசையைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் நான்; அன்றைக்குத்தான் அவள் எப்படிப் பாடுவாள் என்று கேட்டேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை என் தங்கை பாடுகிறாள் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தது.

ஹெட்போனைப் போட மறந்திருந்தேன். படுத்திருந்தவள் எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். சரணம் மேலே ஏறுகிற இடம் வந்தது. நாலு படி இறக்காமல், யாரையும் கேட்காமல், குரல் ஏறிப் போனது.

“நிறுத்து” என்றாள். நிறுத்தினேன். “எவ்வளவு சுளுவா போறா பாரு” என்றாள், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல.

பல்லவியும் முதல் சரணமும் தங்கையின் பழைய குரலிலேயே இருக்கட்டும், மற்ற இரண்டு சரணங்களை அந்தப் பெண் பாடட்டும் என்று மாஸ்டர் சொல்லி அனுப்பினார். மரியாதைக்காகச் சொன்னார். தங்கைக்குப் பிடிக்கவில்லை. ஒரு பாட்டை ஒரு ஆள்தான் பாடணும், அவளையே முழுசா பாடச் சொல்லுங்க என்றாள். மாஸ்டர் நேரில் வந்து, உட்காராமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நின்ற விதத்துக்காக ஒத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து பாடினாள். ஜன்னலில் கம்பளி, மின்விசிறி இல்லை, அதே மைக். தங்கை மைக்கின் உயரத்தை அவளுக்காகக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டுப் பின்கட்டுக்குத் துணி துவைக்கப் போய்விட்டாள். பாடுவதற்கு முன்னால் முதல் சரணத்தை ஒரு தடவை போடச் சொல்லி அந்தப் பெண் கேட்டாள். போட்டேன். இன்னொரு தடவை கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு பாடியபோது, என் தங்கை வார்த்தையின் கடைசியில் குரலை லேசாக வழுக்கி இறக்குகிற இடங்களில் எல்லாம் அவளும் வழுக்கி இறக்கினாள். மூச்சு விடுகிற இடம்கூட அதேதான். பெரியவங்க பாடினதுக்குப் பக்கத்துல என்னது தனியா துருத்திக்கிட்டு நிக்கக் கூடாது ஆன்ட்டி என்றாள். நல்ல பெண். கொஞ்சம் மோசமாகப் பாடியிருந்தால் இன்னும் நல்ல பெண் என்று நினைத்திருப்பேன்.

திருநாள் வந்தது. கொடியேற்றம், தேர், சீடி எல்லாம் நடந்தன. உறையில் இரண்டு பேர் பெயரும் இருந்தது; உறையைப் படிக்கிற பழக்கம் எனக்கு மட்டும்தான் உண்டு. ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டை விடாமல் போட்டார்கள். எங்கள் தெருவுக்கும் கேட்டது. தங்கை அந்த நாட்களில் வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருந்தாள்.

திருநாள் முடிந்த பிறகு எதிர்வீட்டு அம்மா ஒரு தட்டில் கேக்கோடு வந்தாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“மூணாவது சரணம் இருக்கே, கேட்டுட்டு நான் அழுதுட்டேன். ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க குரல் இன்னும் நல்லா ஆயிடுச்சு” என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். தங்கை முந்திக்கொண்டாள்.

“அது நான் இல்லம்மா. முதல் சரணம்தான் நான். மத்தது அந்த உழவர்கரைப் பொண்ணு.”

“அப்படியா?” என்று எதிர்வீட்டு அம்மா யோசித்தாள். பிறகு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். தங்கையின் கையைத் தட்டிக் கொடுத்து, “வித்தியாசமே தெரியலீங்க” என்றாள்.

தங்கை தேங்க்ஸ் சொன்னாள். தட்டை வாங்கி, கேக்கை வேறு தட்டில் மாற்றி, சும்மா திருப்பித் தரக்கூடாது என்று கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்தனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கேக் வேண்டுமா என்று கேட்டேன். எனக்கு வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். எப்போதும் கோவில் வாசலில் பிரிந்துவிடுவோம்; அவள் மேல்தளத்துக்கான படி ஏறுவாள், நான் பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சுக்குப் போவேன். அன்றைக்குப் படியைத் தாண்டி என்னோடேயே வந்தாள். பெஞ்சில் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்து, பர்சை மடியில் வைத்துக்கொண்டாள். முன்பெஞ்சிலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

காணிக்கை நேரத்தில் மேலேயிருந்து ஆர்மோனியம் தொடங்கியது. ஐந்து கட்டை, எனக்கு இப்போது அது தெரிந்தது. அந்தப் பெண்ணின் குரல் எங்கள் தலைக்குமேலே எழுந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, அவரவருக்குக் கிடைத்த சுருதியில் சேர்ந்து பாடினார்கள். நானும் சேர்ந்துகொண்டேன், தப்பாகத்தான். தங்கை வாயைத் திறக்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுக்குப் புத்தகத்தைத் திறந்து, இரண்டு கையாலும் பிடித்து, எனக்கும் தெரிகிற மாதிரி நடுவில் வைத்திருந்தாள். சரணம் முடிகிற இடத்தில், ஒரு மூச்சு முன்னாலேயே, பக்கத்தைத் திருப்பினாள்.